குட்டி சாப்பிட மாட்டேங்குது! - ஒரு அறிகுறியின் வரலாறு

"லங்கணம் பரம ஔஷதம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதாவது பட்டினிதான் பெரிய மருந்து. வயிறு சரியில்லையா? ஒரு வேளை சோற்றைத் தள்ளிவிடு, எல்லாம் சரியாகிவிடும்! நன்றாக வளர்ந்த மனிதனுக்கு இது பல சமயம் சரியாகவும் இருக்கிறது. ஆனால் இதே மருந்தை இரண்டு மாத நாய்க்குட்டிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

பல வீடுகளில் நடப்பது இதுதான். திங்கட்கிழமை குட்டி பாலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். "புது இடம், ஏங்கிப் போயிருக்கு, பசிச்சா தானா சாப்பிடும்" என்று விட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வாந்தி. புதன்கிழமை ரத்தத்தோடு பேதி. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

"சாப்பிடவில்லை" என்பது நோயின் பெயர் அல்ல. அது ஒரு தந்தி மாதிரி. யார் அனுப்பினார்கள், எங்கிருந்து வந்தது என்று தேடினால்தான் தெரியும். அந்தத் தேடலுக்கு 200 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் முக்கியமான சில பக்கங்கள் லண்டனிலோ பாரீசிலோ எழுதப்படவில்லை. நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும் எழுதப்பட்டவை! இது பலருக்குத் தெரியாது.

கல்லில் நின்ற நாய்

முதலில் கொஞ்சம் பழைய கதை. மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்ம பல்லவன். அவருடைய 34ஆம் ஆட்சியாண்டில் (7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) வைக்கப்பட்ட ஒரு நடுகல் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்திருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து மந்தையைக் காத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

ஒரு நாய்க்குப் பெயர் போட்டுக் கல் வைத்த ஊர் இது. ஆனாலும் அதற்கு அப்புறம் பல நூறு வருடங்களுக்கு நாய்க்கு என்று தனியாக ஒரு டாக்டர் இல்லை. காவல் காக்கும், வேட்டைக்கு வரும், மிச்சம் இருந்ததைச் சாப்பிடும். குட்டி போட்டால் பாதி பிழைக்கும், பாதி போகும். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. அது அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

மாடு முதலில், நாய் கடைசியில்

இந்தியாவில் கால்நடை மருத்துவம் வளர்ந்ததற்குக் காரணம் பாசம் இல்லை, கணக்கு. ராணுவத்துக்குக் குதிரை வேண்டும், உழவுக்கும் வண்டிக்கும் மாடு வேண்டும். வெக்கை நோய் என்ற கொள்ளை நோய் வந்தால் ஊர் ஊராக மாடுகள் சாகும். உழவு நின்றால் வரி வராது. அதனால்தான் 1889ல் புனேவில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893ல் அதை இமயமலை அடிவாரம் தாண்டி முக்தேஸ்வருக்குக் கொண்டு போனார்கள். அதுதான் பின்னாளில் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆனது.

லாகூர், பம்பாய், கல்கத்தாவுக்குப் பிறகு சென்னைக்கு வாய்ப்பு வந்தது. 1903 அக்டோபர் 1ஆம் தேதி சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அப்போது சைதாப்பேட்டை சென்னை நகரத்தில் இல்லை. செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடமே அதுதான்! 1905ல் கல்லூரி வேப்பேரிக்குப் போய்விட்டது. 1936ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு வந்தது. 1989ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் தாய்க் கல்லூரி ஆனது.

ஆரம்பத்தில் பாடம் எல்லாம் மாடும் குதிரையும்தான். நாய் கடைசி வரிசை. ஆனால் நாயைப் பற்றிய முக்கியமான ஒரு கண்டுபிடிப்பு கூப்பிடு தூரத்தில், கிண்டியில் நடந்துகொண்டிருந்தது.

கிண்டி, 1910

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்புக்காக 1899ல் தொடங்கப்பட்டது. அந்த நாட்களில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்கு வேட்டை. அதற்காக "மெட்ராஸ் ஹன்ட்" என்று ஒரு சங்கம். அதில் ஓடுவதற்கு வெளிநாட்டு ஜாதி வேட்டை நாய்கள். அவை இந்த ஊர் வெயிலில் வதங்கின. சாப்பாட்டை விட்டன, காய்ச்சல் அடித்தது, ஈறு வெளுத்தது, எலும்பும் தோலுமாகிச் செத்தன.

கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த டாக்டர் பேட்டன் அந்த நாய்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் மிகச் சின்னதாக ஒரு ஒட்டுண்ணி. பிறகு இந்த ஊர் நரிகளின் ரத்தத்திலும் அதே கிருமி கிடைத்தது. 1910ல் அதற்கு ஒரு பெயர் வைத்து வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க "பபேசியா கிப்சோனி" என்று படிக்கப்படும் கிருமி அதுதான்.

யோசித்துப் பாருங்கள். நரிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாமல் கூடவே வாழ்ந்த கிருமி, கப்பலில் வந்து இறங்கிய நாயைக் கொன்றது. அதே காலத்தில் கிறிஸ்டோபர்ஸ் என்ற விஞ்ஞானி (பின்னாளில் மலேரியா ஆராய்ச்சியில் பெரிய பெயர்) இதற்கு நெருங்கிய இன்னொரு நாய்க் கிருமி உண்ணிக்குள் எப்படி வளர்கிறது என்று 1907ல் எழுதினார். நாயின் காதிலும் விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணி சும்மா ரத்தம் குடிக்கும் பூச்சி இல்லை, அது ஊசி போட்டுவிட்டுப் போகும் பூச்சி என்று புரிந்தது இப்படித்தான்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் உண்ணிக்கு லீவே இல்லை, 12 மாதமும் டியூட்டி. குட்டி சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறது என்றால் 1910ல் கிண்டியில் பார்த்த அதே படம்தான்.

வெக்கை நோயின் தம்பி, அம்மையின் அண்ணன்

அடுத்தது டிஸ்டெம்பர். 1760களில் ஐரோப்பாவில் நாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் சாப்பாட்டை விடும், கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகும், கடைசியில் வலிப்பு. பெரியம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னரே 1809ல் இந்த நோயைப் பற்றி விளக்கமாக எழுதினார். ஆனால் காரணம் தெரியவில்லை. 1905ல் பிரான்சில் ஹென்றி காரே என்ற கால்நடை மருத்துவர், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியையும் தாண்டிப் போகும் ஒரு கிருமிதான் காரணம் என்று காட்டினார். அதாவது வைரஸ்.

அவரை யாரும் சரியாக நம்பவில்லை. கிட்டத்தட்ட 20 வருடம் வாதம் நடந்தது. கடைசியில் இங்கிலாந்தில் "ஃபீல்டு" என்ற வேட்டைப் பத்திரிகை தன் வாசகர்களிடம் பணம் திரட்டியது. அந்தப் பணத்தில் லெய்ட்லா, டன்கின் என்ற இருவர் 1920களில் மில் ஹில்லில் ஆராய்ச்சி செய்து காரே சொன்னது சரி என்று நிரூபித்து, தடுப்பு மருந்தும் தயாரித்தார்கள். நாய்களுக்குப் பதிலாக அவர்கள் அதிகம் பயன்படுத்தியது ஃபெரட் என்ற கீரி மாதிரியான பிராணி. அதே லெய்ட்லாவும் இரண்டு சகாக்களும் அதே பிராணியை வைத்து 1933ல் மனிதனின் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நாய்க்காகப் போட்ட முதல், மனிதனுக்கு லாபமாக வந்தது!

இன்னொரு ஆச்சரியம். டிஸ்டெம்பர் வைரஸ், மாட்டுக்கு வரும் வெக்கை நோய் வைரஸ், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரஸ் மூன்றும் ஒரே குடும்பம். அந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்றால், சின்னக் குட்டிகளுக்கு டிஸ்டெம்பர் வராமல் தடுக்க மனிதக் குழந்தைக்குப் போடும் தட்டம்மை வைரஸையே தடுப்பூசியாகப் போட்டிருக்கிறார்கள். வேலையும் செய்தது. வெக்கை நோய் 2011ல் உலகத்தில் இருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நாயின் டிஸ்டெம்பர் மட்டும் இன்னும் தெருவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மணலுக்குள் இருந்த எதிரி

கடற்கரை என்றால் மணல். மாமல்லபுரத்தில் இருந்து கல்பாக்கம் வரை மீனவர் குப்பங்களில் நாய்கள் படகு நிழலில்தான் குட்டி போடும். ஈரமும் நிழலும் சேர்ந்த மணல் குட்டிக்கு மட்டுமல்ல, கொக்கிப்புழுவுக்கும் நல்ல மெத்தை.

இந்தப் புழு எப்படி உடம்புக்குள் போகிறது என்பதே ஒரு கதை. வாய் வழியாகத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1898 வாக்கில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி புழுவின் இளம் உயிரிகள் இருந்த நீரைத் தவறுதலாகக் கையில் கொட்டிக்கொண்டார். கை அரித்தது, சிவந்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை! தோல் வழியாகவே நுழையும் என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

குட்டிகளுக்கு இன்னும் மோசமான வழி ஒன்று இருக்கிறது. 1960களில் தெரிய வந்தது இது: தாய் நாயின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் கொக்கிப்புழு இளம் உயிரிகள், அது குட்டி போட்டதும் விழித்துப் பால் வழியாகக் குட்டிக்குப் போகின்றன. உருளைப்புழு இன்னும் ஒரு படி மேல். குட்டி வயிற்றில் இருக்கும்போதே தொப்புள் கொடி தாண்டிப் போய்விடும். ஆக, வெளியில் காலே வைக்காத குட்டிக்கும் வயிற்றில் பூச்சி இருக்கலாம். "வீட்டிலேயே வளர்ற குட்டி, அதுக்கு எப்படிங்க பூச்சி வரும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

கொக்கிப்புழு குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே கொஞ்சம்தான். மூன்று நான்கு வாரக் குட்டி ரத்த சோகையிலேயே இறந்துபோகும். இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று இன்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

1978: எங்கிருந்தோ வந்த புது வைரஸ்

இனி பெரிய வில்லன். 1978 வரை பார்வோ என்ற நோயால் உலகத்தில் ஒரு நாய்க்குட்டி இறந்ததாகப் பதிவு இல்லை. அந்த வருடம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று ஒரே நேரத்தில் நாய்கள் வாந்தி பேதியில் சாய ஆரம்பித்தன. பழைய ரத்த மாதிரிகளைத் தோண்டிப் பார்த்ததில் 1970களின் நடுவில் ஐரோப்பாவில் இதன் தடயம் இருந்தது தெரிந்தது. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் அல்லது அதற்கு நெருங்கிய ஒன்று சில மரபணு எழுத்துக்களை மாற்றிக்கொண்டு நாயின் செல்லுக்குள் நுழையக் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டே வருடத்தில் உலகம் சுற்றி வந்துவிட்டது. கொரோனாவைப் பார்த்த தலைமுறைக்கு இது எப்படி நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

உலகத்தில் ஒரு நாய்க்கும் இதற்கு எதிர்ப்பு சக்தி இல்லை. பெரிய நாய்களே இறந்தன. நாய்க்கான தடுப்பூசி இல்லாததால், உறவு வைரஸ்தானே என்று பூனைத் தடுப்பூசியை எடுத்து நாய்க்குப் போட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மைக்கேல், ஆப்பெல் குழுவினர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாய்க்கான தடுப்பூசியைத் தயாரித்தார்கள்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது எங்கே தெரியுமா? சென்னையில்தான். 1981, 1982ஆம் ஆண்டுகளில் இங்கிருந்த கால்நடை மருத்துவர்கள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். 1903ல் மாட்டுக்காகத் தொடங்கிய படிப்பு 80 வருடத்தில் நாய்க்குட்டியின் வைரஸைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்திருந்தது.

இந்த வைரஸ் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் தேடிப் போகும். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று குடலின் உள்சுவர், இன்னொன்று எலும்பு மஜ்ஜை. குடல் சுவர் உரிந்து போகிறது, அதனால் ரத்தப் பேதி. மஜ்ஜை அடிபடுகிறது, அதனால் வெள்ளை அணு குறைகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது, அதை எதிர்க்க ஆள் இல்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் 10 குட்டியில் 9 இறந்துபோகும். நல்ல சிகிச்சை கிடைத்தால் கணக்கு தலைகீழ், பெரும்பாலானவை பிழைக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு பல நோய்களில் கிடையாது. அதனால்தான் முதல் நாள் முக்கியம். அந்த முதல் நாளில் தெரியும் ஒரே அறிகுறி பெரும்பாலும் சாப்பிடாமல் சுருண்டு படுப்பதுதான்.

வைரஸ் கொழுப்பு உறை இல்லாதது. அதனால் சோப்பு, டெட்டால், சானிடைசர் எதற்கும் அவ்வளவாகப் பயப்படாது. மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். ஒரு குட்டி இறந்த வீட்டில் அடுத்த மாதமே புதுக் குட்டி வாங்கி, அதுவும் இறந்து, "இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ராசி இல்லை, வைரஸ் இருக்கிறது!

தடுப்பூசி போட்டும் ஏன் வருகிறது?

இது அடிக்கடி வரும் சந்தேகம். பதில் தாயின் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பு சக்தி குட்டிக்கு வருகிறது. அது சில வாரம் காப்பாற்றும். ஆனால் அதே எதிர்ப்பு சக்தி, தடுப்பூசியில் இருக்கும் வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். அது முழுவதும் தீர்ந்தால்தான் தடுப்பூசி பிடிக்கும். நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதும் என்ற நிலை நடுவில் சில நாட்கள் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பல குட்டிகள் போகின்றன.

எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, குறைந்தது 16 வாரம் வரை போட வேண்டும் என்று உலகச் சிறு பிராணி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. "ஒரு ஊசி போட்டாச்சு சார்" என்று சொல்லிக் குட்டியை விற்பது பாதி வேலையைக் கூட முடித்ததாக ஆகாது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்று 2017ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 35 நாள் குட்டி "பார்க்க க்யூட்டா" இருக்கும் என்பதால் அந்த வயதிலேயே கைமாறுவது இன்னும் நடக்கிறது. தாயைப் பிரிவது, பயணம், புதுச் சாப்பாடு, மாட்டுப்பால் எல்லாம் ஒரே நாளில். மாட்டுப்பாலில் நாய்ப்பாலை விட லாக்டோஸ் அதிகம், கொழுப்பும் புரதமும் குறைவு. அதுவே பேதி கொடுக்கும். பிறகு அது பால் பேதியா பார்வோ பேதியா என்று தெரியாமலே இரண்டு நாள் போய்விடும்.

பட்டினியா, சாப்பாடா?

இப்போது முதலில் சொன்ன பழமொழிக்கு வருவோம். "வாந்தி நிற்கும் வரை குட்டிக்கு ஒன்றும் கொடுக்காதே, குடலுக்கு ஓய்வு கொடு" என்பது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. பல வருடங்கள் மருத்துவப் புத்தகமும் அதையேதான் சொன்னது.

மனிதர்களுக்கும் இப்படித்தான் இருந்தது. காலரா நோயாளிக்கு வாய் வழியாகத் தண்ணீர் கொடுப்பதா என்று தயங்கினார்கள். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. பேதியிலும் குடல் வேலை செய்கிறது, சர்க்கரையோடு சேர்த்தால் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ளும் என்பது அந்த முகாமில் கண்கூடாகத் தெரிந்தது.

நாய்க்குட்டி விஷயத்தில் இந்தக் கேள்வி 2003ல்தான் சரியாகச் சோதிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் பார்வோ வந்த 30 நாய்களை 15, 15 ஆகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாந்தி நின்று 12 மணி நேரம் ஆகும் வரை சாப்பாடு கிடையாது. மற்றதற்குச் சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. இரண்டுக்கும் டிரிப்ஸும் மருந்தும் ஒன்றுதான். சாப்பாடு கொடுத்த 15ம் பிழைத்தன, பட்டினி போட்டதில் 13 பிழைத்தன. சின்னக் கணக்கு என்பதால் இந்த 2 வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சாப்பாடு கொடுத்தவை சீக்கிரம் தேறின, எடையும் கூடியது. அது முக்கியம். குடல் செல்லுக்கு உணவே குடலில் இருந்துதான் வருகிறது. பட்டினி போட்டால் ஓய்வு கிடைப்பதில்லை, சுவர்தான் இன்னும் மெலிகிறது.

சின்னக் குட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய நாய்க்குக் கல்லீரலில் சர்க்கரை சேமிப்பு இருக்கும், கொழுப்பு இருக்கும். குட்டி என்பது கையில் முதல் இல்லாத கடை மாதிரி. ஒரு நாள் வியாபாரம் இல்லை என்றால் மறுநாள் ஷட்டர் மூட வேண்டியதுதான். சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து மயங்கலாம்.

வண்டலூர், 2021

இந்தக் கதைக்கு ஒரு பெரிய சாட்சி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 மே 26ஆம் தேதி வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 5 சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வப்போது இருமுகின்றன என்று ஊழியர்கள் கவனித்தார்கள். அவ்வளவுதான் அறிகுறி. உடனே மாதிரி எடுத்து அனுப்பினார்கள். 11 சிங்கங்களில் 9க்கு கொரோனா! ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற 9 வயது பெண் சிங்கமும், ஜூன் 16ஆம் தேதி 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. மற்றவற்றுக்குச் சிகிச்சை தொடர்ந்தது. வந்தது டெல்டா வகை வைரஸ் என்று பிறகு தெரிந்தது.

"இன்னைக்குச் சரியா சாப்பிடல" என்ற ஒரு வரியை ஒருவர் சீரியஸாக எடுத்துக்கொண்டதால்தான் அத்தனை சீக்கிரம் காரணம் தெரிந்தது. சிங்கத்துக்கும் நாய்க்குட்டிக்கும் வாய் பேச வராது. சாப்பாட்டுத் தட்டுதான் அவை எழுதும் கடிதம்.

ஆக, குட்டி சாப்பிடவில்லை என்றால்...

வரலாறு சொல்லிக் கொடுத்ததைச் சுருக்கமாகத் தொகுத்தால் இப்படி வரும்:

1. 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வாந்தியோ பேதியோ சோர்வோ கூட இருந்தால் ஒரு வேளை கூடக் காத்திருக்க வேண்டாம்.

2. ஈறைப் பார்க்கவும். இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் புழு அல்லது உண்ணிக் காய்ச்சல். ஒட்டும் பிசின் மாதிரி காய்ந்திருந்தால் நீர்ச்சத்து போய்விட்டது.

3. உடம்புச் சூடு நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதற்கு மேல் காய்ச்சல். அதற்குக் கீழ் இறங்கினால் இன்னும் ஆபத்து. குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் கதகதப்பு, பிறகுதான் உணவு.

4. தள்ளாடினால் சர்க்கரைத் தண்ணீரை அல்லது தேனை விரலில் தொட்டு ஈறில் தடவலாம். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

5. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், வாந்தி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. மனித மாத்திரை பல நாய்க்கு விஷம்.

6. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறி நடந்துகொண்டால் தொண்டையில் எலும்பு என்று நினைத்து வாய்க்குள் கை விடக் கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். குட்டிக்கும் வெறிநோய் வரும்.

7. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எத்தனை வாரக் குட்டி, என்ன ஊசி போட்டது, எப்போது பூச்சி மருந்து கொடுத்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகவும். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

8. பார்வோ வந்த வீட்டில் ப்ளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவவும். அடுத்த குட்டி ஊசி முழுவதும் முடிந்த பிறகு வரட்டும்.

இதில் முக்கால்வாசி விஷயம் செலவில்லாதது. கவனிப்பு மட்டும்தான் செலவு. அரசு கால்நடை மருத்துவமனைகளும் வேப்பேரியில் அந்த 1903ஆம் வருடக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. போவதற்கு எடுக்கும் முடிவுதான் தாமதமாகிறது.

எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் 1400 வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் குட்டிதான். அதன் கூடப் பிறந்தவை எத்தனை, அதில் எத்தனை பிழைத்தன என்று யாரும் கல்லில் எழுதவில்லை. அன்றைக்குக் காரணம் தெரியாது, மருந்தும் கிடையாது. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் குட்டி தட்டை விட்டு ஒதுங்கினால், "பசிச்சா தானா சாப்பிடும்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.